விமானிக்கு ஏற்ற லேப்டாப்

வணிக விமானி உரிமம் வாங்கி ஏர்பஸ் ஏ320 பயிற்சிக்குக் கிளம்பும் பிள்ளைகள் முதலில் விசாரிப்பது விமானத்தை அல்ல, லேப்டாப்பை. 32 ஜிபி ரேம் போதுமா? கிராபிக்ஸ் கார்டு எது? கீபோர்டில் வானவில் விளக்கு எரியுமா?

வகுப்பில் அதற்குக் காத்திருக்கும் வேலை: பச்சை, மஞ்சள், நீலம் என்று ஹைட்ராலிக் அமைப்புகள் ஓடும் படப்பாடத்தைக் காட்டுவது, தலையணை கனத்துக் கையேட்டை பிடிஎஃப்பாகத் திறப்பது. மீதிச் சக்தியெல்லாம் விமான விளையாட்டுக்கு. "பயிற்சிக்குத்தான்பா" என்றால் அப்பாவால் மறுக்க முடியுமா? வீட்டுப் பத்திரம் ஏற்கெனவே வங்கியில் இருக்கிறது, ஒரு லட்சம் கூடினால் என்ன!

வேடிக்கை என்னவென்றால், 1988-ல் சேவைக்கு வந்த ஏ320-ன் இறக்கைப் பரப்புகளை அசைக்கும் கணினிகளில் இருந்தவை இன்டெல் 80186, மோட்டரோலா 68010. இரண்டும் எண்பதுகளின் தொடக்கத்துச் சில்லுகள். அவற்றை நம்பி நூற்றைம்பது பேர் வாயைப் பிளந்து தூங்கியபடி ஊர் போய்ச் சேர்ந்தார்கள். போயிங் 747-400 இன்னும் மேல்: 28 நாளுக்கு ஒருமுறை வழித்தடத் தரவு ஃப்ளாப்பி டிஸ்க்கில் ஏறியது. ஒருவரும் ரேம் எவ்வளவு என்று கேட்கவில்லை.

பேட்டரி நாள் முழுக்க நிற்கிறதா, தோள்பட்டை தாங்குமா என்று பார்த்தால் போதும். வேலை கிடைத்ததும் நிறுவனமே டேப்லெட் கொடுத்துவிடும். அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 2013-லேயே விமானிகளின் 16 கிலோ காகிதக் கையேட்டுப் பையை ஐபேடாக்கிவிட்டது. டேப்லெட் வந்ததும் இந்த லேப்டாப் தங்கைக்குப் போகும். தவணை மட்டும் அப்பாவிடமே இருக்கும்.