ஆவி பறக்க ஒரு நூல்

பணி ஓய்வு பெற்றவர்களில் மூன்று வகை உண்டு. காலையில் பூங்காவைச் சுற்றி நடக்கிறவர்கள், குடியிருப்போர் நலச் சங்கத்துக்குத் தலைவராகிறவர்கள், ஆவிகளைப் பற்றிப் புத்தகம் எழுதுகிறவர்கள். முதல் வகையால் அவரவர் உடம்புக்கு நன்மை. இரண்டாம் வகையால் என்றைக்காவது தெருவிளக்கு எரியும். மூன்றாம் வகையால் யாருக்கு என்ன நன்மை என்பது இந்த உலகத்தில் தெரியாது. அவர்கள் கணக்கு வேறு உலகத்தோடு.

நம்மவரை அடையாளம் காண்பது எளிது. கையில் ஒரு துணிப்பை. பைக்குள் ஒரே புத்தகத்தின் ஐந்து பிரதிகள். முன்னட்டையில் ஆலமரம், நிலா, மண்டை ஓடு. பின்னட்டையில் சஃபாரி சூட்டில் அவர். பழக்கமில்லாதவர்கள் எந்தப் பக்கம் அமானுஷ்யம் என்று சற்றுத் திணறத்தான் செய்வார்கள்.

பேச்சை எப்போதும் ஒரே வாசகத்தில்தான் தொடங்குவார்: “சார், நீங்க நம்ப மாட்டீங்க.” தப்பிக்கும் அவசரத்தில், “நம்பறேன் சார்” என்று சொல்லிவிடாதீர்கள். அவருக்கு முகம் வாடிவிடும். நம்புகிற ஆளை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? மறுக்கிற ஆள் கிடைத்தால்தானே புளியமரத்திலிருந்து ஆரம்பிக்க முடியும்!

அவருடைய அனுபவங்களுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. கடைசி பஸ் போயிருக்கும். இல்லையென்றால் சைக்கிள் பஞ்சர் ஆகியிருக்கும். ஊருக்கு இரண்டு மைல் இருக்கும்போது மல்லிகைப்பூ வாசம் வரும். மணி சரியாகப் பன்னிரண்டு. நம் நாட்டில் நேரம் தவறாமல் வேலைக்கு வருகிற ஒரே இனம் இதுதான். கூட ஒரு வாட்ச்மேனோ யாரோ இருந்திருப்பார். ஆனால் அந்த நேரம் பார்த்து அவர் தூங்கியிருப்பார், அல்லது மயங்கியிருப்பார். “அந்த வாட்ச்மேனை இப்ப போய் விசாரிக்கலாமா சார்?” என்று கேட்டால், “அவரா? அவர் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆச்சே” என்பார். சாட்சிகள் அனைவரும் எதிர்த்தரப்போடு சேர்ந்துவிட்ட வழக்கு இது.

முப்பது வருடம் கோப்பு எழுதிய கை, பேயைப் பார்த்தவுடன் மாறிவிடுமா? நூலின் நடை அதே நடைதான். “மேற்படி உருவம் சுமார் ஐந்தரை அடி உயரத்துடனும், வெண்ணிற ஆடையுடனும், பாதங்கள் ஏதுமின்றியும் காணப்பட்டது. அன்னாரை அணுகி விசாரித்ததில் தக்க பதில் பெறப்படவில்லை. அதன்பேரில் இருவரும் தத்தம் இருப்பிடம் திரும்பினோம்.” ஒவ்வொரு அத்தியாயத்தின் தலைப்பிலும் ந.க. எண்ணும் பார்வையும் மட்டும்தான் இல்லை. படிக்கிற நமக்குப் பயம் வருவதில்லை. சம்பந்தப்பட்ட ஆவி விளக்கம் கேட்டு மனுப் போட்டிருக்குமோ என்ற கவலைதான் வருகிறது.

பாதுகாப்பு முறைகளுக்குத் தனி அத்தியாயம். ராத்திரியில் கறிக்குழம்பு எடுத்துப் போனால் தூக்குச்சட்டியில் ஒரு கரித்துண்டு போட வேண்டும். மோகினி வந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்டால் விரலில் எடுத்துக் கொடுக்கக் கூடாது. கத்தி முனையில் நீட்ட வேண்டும். நம்மவர் அப்படித்தான் நீட்டினாராம். அவர் மனைவிக்கு இந்த அத்தியாயத்தில் மட்டும் தீராத மனத்தாங்கல். “யாரோ ஒருத்தி நடுராத்திரியில சுண்ணாம்பு கேட்டா உடனே எடுத்துக் குடுப்பாராம். நான் பட்டப்பகல்ல காய்கறிக்குக் காசு கேட்டா காதுலயே விழாது” என்பது அந்த அம்மாளின் மதிப்புரை. இதுவரை வந்த மதிப்புரைகளில் புத்தகத்தை முழுதாகப் படித்துவிட்டுச் சொன்னது அது ஒன்றுதான்.

அடுத்தது அமுக்குவான் பேய். விடியற்காலையில் நெஞ்சின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டதாம். கையைக் காலை அசைக்க முடியவில்லை, கத்த வாய் வரவில்லை. இது பலருக்கு வருவதுதான். கனவு காணும் நேரத்தில் உடம்பின் தசைகள் தளர்ந்து கட்டுண்டு கிடக்கும். அந்தக் கட்டு அவிழும் முன்பே நினைவு விழித்துக்கொண்டால் நெஞ்சு அழுத்துவதும், அறையில் யாரோ நிற்பதும், பேச முடியாமல் போவதும் நடக்கும். மல்லாந்து படுப்பவர்களுக்கு அதிகம் வரும். டாக்டருக்குப் படித்த மருமகன் இதைப் பொறுமையாக எடுத்துச் சொன்னார். நம்மவர் அதைவிடப் பொறுமையாகக் கேட்டார். பிறகு, “மாப்பிள்ளை, அது உங்க பேஷண்டுக்கு வர்றது. எனக்கு வந்தது வேற” என்றார். நூலில் அந்த அத்தியாயம் ‘அறிவியலும் வியந்தது’ என்ற தலைப்பில் இருக்கிறது.

பிளான்செட் பலகையில் டம்ளரைக் கவிழ்த்து ஆவிகளை அழைத்ததைப் பற்றி நாற்பது பக்கம். வருகிறவர்கள் எல்லாம் பெரிய இடத்து ஆவிகள். பாரதியார் வருகிறார், காந்தி வருகிறார், பக்கத்துத் தெருவில் மளிகைக்கடை வைத்திருந்து செத்துப்போன அண்ணாச்சி மட்டும் ஒரு தடவைகூட வருவதில்லை. வந்தால் பழைய பாக்கியைக் கேட்பார். பாரதியாரின் ஆவி புதிதாகச் சொன்ன கவிதை ஒன்றும் நூலில் உண்டு. அதில் ஒற்றுப்பிழை ஏழு. மேலுலகத்தில் சந்தி இலக்கணம் தளர்த்தப்பட்டிருக்கிறது என்றுதான் கொள்ள வேண்டும்.

ஆய்வு மாளிகையில் ராத்திரி வந்த வெள்ளைக்கார துரையின் ஆவியோ சுத்தத் தமிழில் பேசியது: “உன்னைப்போல் நேர்மையான அதிகாரியை நான் கண்டதில்லை. உனக்குப் பதவி உயர்வு மறுக்கப்பட்டது அநியாயம்.” இந்த இடத்தில்தான் விஷயம் பிடிபடுகிறது. எந்த ஆவியும் நம்மவரைப் பயமுறுத்த வரவில்லை. எல்லாம் அவருக்கு நன்னடத்தைச் சான்றிதழ் கொடுக்க வந்தவை.

இதில் அவர் தனி ஆளும் இல்லை. 1952 நவம்பரில் கலிஃபோர்னியப் பாலைவனத்தில், பறக்கும் தட்டில் வந்திறங்கிய வெள்ளிக் கிரகத்து மனிதரைச் சந்தித்ததாக ஜார்ஜ் அடாம்ஸ்கி என்பவர் அறிவித்தார். மறு வருடமே புத்தகம் வந்தது. அவ்வளவு தூரம் பயணம் செய்து வந்த அந்த மனிதர், சைகையாலும் மனத்தொடர்பாலும் தெரிவித்தது அணுகுண்டின் ஆபத்தை. அன்றைக்கு அமெரிக்கப் பத்திரிகைகளைப் புரட்டுகிற எவருக்கும் அது தெரிந்த செய்திதான்.

“அவங்களை விடுங்க, ஷெர்லாக் ஹோம்ஸை எழுதினவரே நம்பியிருக்காரு” என்று நம்மவர் ஒரு சீட்டை இறக்குவார். அது உண்மை. இங்கிலாந்தின் காட்டிங்லி கிராமத்தில் 1917-இல் பதினாறு வயதுப் பெண் ஒருத்தியும் ஒன்பது வயதுப் பெண் ஒருத்தியும் தேவதைகளோடு எடுத்துக்கொண்ட புகைப்படங்களை நம்பி, ஆர்தர் கானன் டாயில் 1922-இல் ஒரு நூலே எழுதினார். செருப்பில் ஒட்டிய மண்ணைப் பார்த்து ஆளின் ஊரைச் சொல்லும் துப்பறிவாளரைப் படைத்தவருக்கு, அந்தத் தேவதைகள் அட்டையில் வரைந்து வெட்டித் தொப்பி ஊசியால் நிறுத்தப்பட்டவை என்று தெரியவில்லை. அந்தப் பெண்கள் பாட்டிகளாகி, 1983-இல்தான் அதை ஒப்புக்கொண்டார்கள். நம்மவர் 1922 வரைதான் சொல்வார். 1983 வரும்போது அவருக்குத் தொண்டை வறண்டு காப்பி தேவைப்படும்.

நம் இலக்கியத்தில் இல்லாத பேயா? கலிங்கத்துப்பரணியில் பேய்கள் காளியிடம் பசி என்று முறையிட்டு, போர்க்களத்திலேயே கூழ் அட்டுக் குடிக்கின்றன. அதைப் பாடிய ஜெயங்கொண்டார் எந்த இடத்திலும் தமக்கும் ஒரு கிண்ணம் கொடுத்ததாக எழுதவில்லை. மணிமேகலையில் சார்ங்கலன் என்ற இளைஞன் சுடுகாட்டில் பேய்க்கூத்தைக் கண்டான். அலறி வீட்டுக்கு ஓடி, தாயிடம் சொல்லி, உயிரை விட்டான். பேயைப் பார்த்தவன் செய்ய வேண்டியதை முறையாகச் செய்தவன் அவன்தான். அணிந்துரை வாங்க அலையவில்லை. காரைக்கால் அம்மையாரோ இன்னும் ஒரு படி மேலே போய், தம்மையே ‘காரைக்கால் பேய்’ என்று சொல்லிக்கொண்டு பாடினார். அது பக்தி. சஃபாரி சூட்டில் வராது.

நம்மவருக்கு அணிந்துரை இல்லாமல் ஆகாது. ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர், சித்த வைத்தியர் ஒருவர், கல்லூரி முதல்வர் ஒருவர். அணிந்துரை, வாழ்த்துரை, ஆசியுரை, என்னுரை எல்லாம் முடிந்து முதல் பேய் எட்டிப்பார்க்கும்போது முப்பத்திரண்டாம் பக்கம் ஆகிவிடுகிறது. பேயே அலுத்துப்போய்த்தான் வருகிறது. வெளியீட்டு விழாவில் பதினோரு பொன்னாடை போர்த்தப்பட்டது. விற்ற பிரதிகள் அதைவிடக் குறைவு. நூலக ஆணை வரும் என்று காத்திருந்தார்; வரவில்லை. புத்தகக் காட்சியில் ஒரு கடை மூலையில் அடுக்கி வைத்தார். கூட்டமெல்லாம் பொன்னியின் செல்வனுக்கும் மிளகாய் பஜ்ஜிக்கும் போய்விட்டது.

மிச்சப் பிரதிகள் கட்டிலுக்கு அடியில் அட்டைப்பெட்டியில் இருக்கின்றன. “பேயா இருந்தாலாவது வேப்பிலை அடிச்சு ஓட்டலாம். இதை எதைக் கொண்டுங்க ஓட்டறது?” என்று கேட்கிறார் அந்த அம்மாள். நம்மவரிடம் பதில் இல்லை. இரண்டாம் பாகம்தான் இருக்கிறது, கையெழுத்துப் பிரதியாக.

கொஞ்சம் யோசித்தால் ஒன்று புரியும். அவர் நூலில் வருகிற ஆவிகள் குறுக்கே பேசுவதில்லை, கைப்பேசியை நோண்டுவதில்லை, “அப்பா, இதை ஏற்கெனவே சொல்லிட்டீங்க” என்பதில்லை. சொல்வது அத்தனையும் நின்று கேட்கின்றன. பதவி போய், மேசை போய், மணியடித்தால் ஓடிவரும் சிப்பந்தியும் போன மனிதருக்கு, இப்படிக் கேட்கிற ஜீவன்கள் இந்த உலகத்தில் அகப்படவில்லை. வேறு உலகத்திலிருந்து வரவழைத்துக்கொண்டார்.

ஆகவே, உங்கள் தெருவில் இப்படி ஒருவர் இருந்தால், சாயங்காலம் திண்ணையில் அரை மணி நேரம் காது கொடுத்துவிட்டு வாருங்கள். “எங்க பாட்டிகூட ஒரு தடவை...” என்று மட்டும் ஆரம்பித்துவிடாதீர்கள்; அது மூன்றாம் பாகத்துக்கு விதை. கேட்பதற்குச் செலவு ஒன்றும் கிடையாது. கேட்காமல் விட்டால், புத்தகம் 250 ரூபாய்; சில்லறை இல்லை என்றால் ஜிபே வைத்திருக்கிறார்.