ஏழாம் திணை: அறையும் அறை சார்ந்த இடமும்

நிலத்தை ஐந்தாகப் பகுத்த முன்னோர், கதவு வைத்துப் பூட்டக்கூடிய வயல் ஒன்று வரும் என்று எதிர்பார்க்கவில்லை. ஆறாவது இடத்தைப் புலம்பெயர்ந்த கவிஞர்கள் பனிநிலத்துக்கென்று முன்பே துண்டு போட்டு வைத்துவிட்டார்கள். ஆகவே துபாயிலும் சிங்கப்பூரிலும் ஏசி போட்டுக் கீரை வளர்க்கும் அறைகளை ஏழாம் திணையாகக் கொள்வதே முறை.

முதற்பொருளில் நிலம் சட்டென்று முடிந்துவிடுகிறது: மண் கிடையாது. பொழுதுதான் விரிவானது. நிலநடுக்கோட்டை ஒட்டிய சிங்கப்பூரில் வருடம் முழுக்க நாளுக்கு 12 மணி நேரம் பகல், அதுவும் இலவசம். இத்திணையில் அது விலக்கப்பட்டது. லெட்டூஸ் சூடு தாங்காது, தண்டு நீண்டு பூவிட்டுக் கசந்துவிடும். உள்ளே பகல் என்பது டைமரில் வைத்த 16 மணி நேரம். நிறம் கல்யாண மண்டப இளஞ்சிவப்பு, ஏனெனில் பச்சையம் சிவப்பையும் நீலத்தையுமே அதிகம் விழுங்கும்.

இதற்கு முன்னோடி உண்டா என்றால், உண்டு. ரோமப் பேரரசர் டைபீரியஸுக்குத் தினமும் வெள்ளரிக்காய் வேண்டும் என்பதால், சக்கரம் வைத்த பாத்திகளைத் தோட்டக்காரர்கள் வெயிலில் உருட்டிப் போனார்கள், குளிர்காலத்தில் ஒளி புகும் பலகைகளால் மூடினார்கள் என்று மூத்த பிளினி எழுதியிருக்கிறார். அவர்கள் வெயிலைப் பிடிக்கப் பாடுபட்டார்கள். நாம் விரட்டுகிறோம். மற்றபடி மரபு ஒன்றே.

கருப்பொருளில் தெய்வம் மின்சாரம். வெயிலுக்குப் பதில் விளக்கு எரிகிறது. எரிவதால் அறை சூடாகிறது. சூட்டைத் தள்ள ஏசி ஓடுகிறது. அந்தச் சூடு வெளியே போய், ஏற்கெனவே வேண்டாமென்று ஒதுக்கப்பட்ட வெயிலோடு சேர்ந்துகொள்கிறது. சிங்கப்பூரின் மின்சாரத்தில் பெரும்பகுதி இயற்கை எரிவாயுவில் உற்பத்தியாவது. நாளைக்கு மலேசியா கீரை அனுப்பாவிட்டால் என்ன செய்வது என்ற அச்சத்துக்கு மருந்தாக, மலேசியாவிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் குழாயில் வரும் எரிவாயுவைக் கொண்டு கீரை வளர்க்கப்படுகிறது.

தண்ணீர்க் கணக்கை மட்டும் கிண்டல் செய்ய மனம் வரவில்லை. துபாயில் அல் மக்தூம் விமான நிலையம் அருகே 2022இல் திறந்த புஸ்தானிகா பண்ணை, வயலைவிட 95 விழுக்காடு குறைவான தண்ணீரில் வருடத்துக்கு 10 லட்சம் கிலோவுக்கு மேல் இலைக்காய்கறி எடுக்கக் கட்டப்பட்டது. இலை விடும் ஈரத்தைக்கூடப் பிடித்து மறுபடி வேருக்கே அனுப்புகிறார்கள். கடல்நீரைக் காய்ச்சிக் குடிக்கும் ஊரில் அது பெரிய காரியம்தான். விளைந்தது எமிரேட்ஸ் விமானங்களில் சாலட்டாகப் பறக்கிறது.

பறை, கம்ப்ரசர். பறவையும் விலங்கும் இல்லை. உணவில் நெல் சேராது: மாதக்கணக்கில் நின்று, பாதியை வைக்கோலாக்கிவிடும் பயிருக்கு யார் கரண்ட் பில் கட்டுவது? லெட்டூஸ் சில வாரங்களில் முடிகிறது, வேர் தவிர எல்லாமே விலை போகிறது, எடையில் 95 விழுக்காடு தண்ணீர். உலகப் பசியைத் தீர்க்க வந்ததாகப் பாயிரம் பாடும் திணை, நூலுக்குள் நுழைந்ததும் சாண்ட்விச்சுக்கு நடுவே வைக்கும் இலையைத்தான் விளைவிக்கிறது.

குறிஞ்சிக்குப் புணர்தல், நெய்தலுக்கு இரங்கல் போல, இதன் உரிப்பொருள் மெச்சிப் பிரிதல். பார்க்க வருகிறவர்கள் வலைத்தொப்பி மாட்டி, அடுக்குகளுக்கு நடுவே நின்று படம் எடுத்து, “நாட்டுக்கு வேணும்தான்” என்று மனமாரச் சொல்வார்கள். பிறகு சிங்கப்பூரின் தேக்கா சந்தைக்குப் போய் மலேசியக் கீரை வாங்குவார்கள். விலை ஒரு காரணம். மற்றது அத்தாட்சி. தேக்காவில் முளைக்கீரைக் கட்டைத் தூக்கி, கடை விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டி மண் உதிர்ப்பார்கள். இலையில் பூச்சி அரித்த ஓட்டை இருந்தால் மருந்து அடிக்கவில்லை என்று பொருள். அறைக்கீரை பிளாஸ்டிக் பெட்டிக்குள், வேரில் ஒரு சின்னப் பஞ்சுக் கட்டியோடு வருகிறது. ஓட்டை இல்லை. உண்மையிலேயே மருந்து படாத கீரை அதுதான். நிரூபிக்கத்தான் ஒரு புழுகூட இல்லை.

சிங்கப்பூர் 2019இல், 2030க்குள் ஊட்டச்சத்துத் தேவையில் 30 விழுக்காட்டை உள்ளூரிலேயே விளைவிப்போம் என்றது. 2023இல் உள்ளூர்க் காய்கறியின் பங்கு 3 விழுக்காட்டை ஒட்டியே நின்றது. சில அறைகள் பூட்டப்பட்டன. 2025 நவம்பரில் பழைய இலக்கைக் கைவிட்டு, 2035க்குள் நார்ச்சத்தில் 20 விழுக்காடு, புரதத்தில் 30 விழுக்காடு என்று மாற்றிக்கொண்டார்கள். நார்ச்சத்துக் கணக்கில் இப்போது கீரை, காய்களோடு முளைப்பயறும் காளானும் சேர்த்தி. இவ்விரண்டும் வெயிலும் கேட்பதில்லை, விளக்கும் கேட்பதில்லை.