தம்போய் வட்டாரத்தில் வீட்டுக்கோழியின் நியாய விலை: ஓர் ஆய்வு

ஜொகூர்க்காரரிடம் தம்போய் என்று சொன்னால், அவர் முதலில் நினைப்பது அங்குள்ள மனநல மருத்துவமனையைத்தான். அந்த ஊரில் ஆராய வேறு பொருளும் உண்டு என்பதைக் கல்வியுலகம் இதுவரை கண்டுகொள்ளவில்லை. தாமான் வீட்டின் பின்சந்தில், பழைய கதவையும் கம்பி வலையையும் சேர்த்துக் கட்டிய கூண்டில் ஓர் ஆயா வளர்க்கும் கோழியை என்ன விலைக்குக் கொடுப்பது நியாயம் என்பது அப்படியொரு பொருள். அந்தக் குறையைப் போக்கவே இந்தக் கட்டுரை.

முன்னோர் இதைத் தொடாமல் இல்லை. ரோமப் பேரரசர் டயோக்ளீஷியன் கி.பி. 301இல் போட்ட விலைக்கட்டளையில் ஒரு ஜோடிக் கோழிக்கு 60 தெனாரியஸ் என்று உச்சவரம்பு வைத்தார். மீறினால் தலை போகும். தலைகள் போனதோ இல்லையோ, சரக்கு சந்தையை விட்டுப் போனது. கௌடிலியர் கொஞ்சம் நிதானமானவர். உள்நாட்டுச் சரக்குக்கு நூற்றுக்கு 5, வெளிநாட்டுச் சரக்குக்கு நூற்றுக்கு 10 என்று இலாபத்துக்கு மட்டும் கடிவாளம் போட்டார். நம் காலத்துக்கு வந்தால், 2022 பிப்ரவரியில் மலேசிய அரசு தீபகற்பத்தில் கோழி கிலோ 8 வெள்ளி 90 காசு என்று உச்சவிலை வைத்தது. ஜூலையில் அது 9 வெள்ளி 40 காசானது. 2023 நவம்பர் 1ஆம் தேதி கட்டுப்பாடும் மானியமும் சேர்ந்தே போயின. அந்த விலைப்பட்டியலில் ‘ஸ்டாண்டர்ட்’ கோழி இருந்தது, ‘சூப்பர்’ கோழி இருந்தது. ஆயாவின் கோழி இரண்டிலும் சேர்த்தி இல்லை.

அரசு அதை மறந்தே போனது என்றும் சொல்லிவிட முடியாது. 2022 ஜூன் 1ஆம் தேதி கோழி ஏற்றுமதி நின்று, மாதம் 36 லட்சம் கோழிகள் நாட்டிலேயே தங்கியபோது, சிங்கப்பூரில் கோழிச்சோற்றுக் கடைக்காரர்கள் கலங்கிப்போனார்கள். இரண்டு வாரத்துக்குள் கம்பத்துக் கோழிக்கும் கருங்கோழிக்கும் மட்டும் தடை விலகியது. பாலத்துக்கு அந்தப் பக்கம் அவ்வளவு மரியாதை பெற்ற இனத்தைத்தான் இந்தப் பக்கம் பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, “சும்மா வளர்றதுதானே, இதுக்கு என்னாங்க விலை?” என்று கேட்கிறார்.

சும்மாவா வளர்கிறது? கணக்குப் போட்டுப் பார்ப்போம். பத்து முட்டை அடைக்கு வைத்ததாகக் கொள்வோம், முட்டை ஒரு வெள்ளி. இருபத்தொரு நாளில் எட்டு பொரிக்கிறது. காக்கை ஒன்றைத் தூக்குகிறது, சாக்கடை வழியாக வரும் உடும்பு இன்னொன்றை, வெள்ளைக் கழிச்சல் இரண்டை. மிஞ்சுவது நான்கு. செத்தவற்றின் செலவையும் இந்த நான்குதான் சுமந்தாக வேண்டும். ஆக, தலைக்கு முட்டைச் செலவு 2 வெள்ளி 50 காசு. பண்ணைக் கோழி ஐந்து வாரத்தில் இரண்டு கிலோ தேறிவிடும். இது நான்கு மாதம் மண்ணைக் கிளறி, சண்டை போட்டு, கூரை ஏறி, ஒன்றரைக் கிலோவுக்கு வருகிறது. மிச்சச் சோறு போக, ஐந்து கிலோ தீவனம், கிலோ இரண்டரை வெள்ளி என்றால் 12 வெள்ளி 50 காசு. இதுவரை 15 வெள்ளி. பக்கத்து வீட்டுக்காரரின் கணக்கு இந்த இடத்தோடு முடிந்துவிடுகிறது.

ஆயாவின் கணக்கு இங்கேதான் தொடங்குகிறது. காலையில் திறந்துவிட, தண்ணீர் மாற்ற, மழைக்கு முன் உள்ளே விரட்ட, பொழுது சாய்ந்ததும் தலை எண்ண, எல்லாம் சேர்த்து நாளுக்குக் கால் மணி நேரம் என்று குறைத்தே வைப்போம். 120 நாளுக்கு 30 மணி நேரம். 2025 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி, மணிக்கு 8 வெள்ளி 72 காசு. கூலி 261 வெள்ளி 60 காசு ஆகிறது. நான்கால் வகுத்து 15 வெள்ளியைக் கூட்டினால், ஒரு கோழியின் அடக்கவிலை 80 வெள்ளி 40 காசு.

இதன்மேல் கௌடிலியர் அனுமதிக்கும் இலாபம் எவ்வளவு? 2008 ஏப்ரல் 1 முதல் ரொக்கத்துக்கு ஐந்து காசுக் கணக்குதான் என்பதால், உள்நாட்டுச் சரக்கென்றால் விலை 84 வெள்ளி 40 காசு, வெளிநாட்டுச் சரக்கென்றால் 88 வெள்ளி 45 காசு. கோழி தம்போயில் பிறந்தது, அதில் சந்தேகமில்லை. அது தின்ற சோளமோ அர்ஜென்டினாவிலிருந்தோ பிரேசிலிலிருந்தோ கப்பலேறி வந்தது. இந்தக் குடியுரிமைச் சிக்கலை அறிஞர்களிடம் விட்டுவிடுகிறேன்.

இந்த விலையை எந்த ஆயாவும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்வதெல்லாம், “நீங்களே பார்த்துக் குடுங்க தம்பி.” மேலோட்டமாகப் பார்த்தால் இது பெருந்தன்மை. உண்மையில் இது நுட்பமான ஏல முறை. ஏலத்தில் மனிதன் தன் உள்மன விலையை ஒளிக்காமல் சொல்ல என்ன ஏற்பாடு வேண்டும் என்று வில்லியம் விக்ரி 1961இல் ஆராய்ந்து, 1996இல் நோபல் பரிசும் பெற்றார். ஆயாவுக்கு அந்தச் சிரமமெல்லாம் இல்லை. தம்பி குறைத்துக் கொடுத்தால் அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலில் அவர் பெயர் அடிபடும். அந்தப் பயமே கூடக் கொடுக்க வைக்கிறது.

ஆனால் இந்த முறை எல்லாரிடமும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. முனீஸ்வரர் படையலுக்குச் சேவல் தேடி வருபவர் பேரமே பேசமாட்டார். நேர்த்திக்கடனில் விலை குறைத்தால் சாமி குத்தம். பிள்ளை பெற்ற மகளுக்குப் பத்தியச் சாறு வைக்க வரும் அம்மாவும் அப்படித்தான், ஆனால் அவரிடம் கூட்டிக் கேட்க ஆயாவுக்கு மனம் வராது. சிங்கப்பூரில் வேலை பார்த்துவிட்டு வருபவர் டாலரில் சம்பளம் வாங்கி, வெள்ளியில் பேரம் பேசுவார். உறவுக்காரர் விலையே கேட்பதில்லை. பிடித்துக் கொடுத்ததை வாங்கிக்கொண்டு, “அடுத்த வாட்டி பார்த்துக்கலாம்” என்பார். இந்தப் பிரிவில் வசூல் விகிதத்தைக் கணக்கிட இவ்வாய்வாளர் முயன்று, வெட்கப்பட்டுக் கைவிட்டார்.

வாங்குபவர் பக்கமும் நியாயம் உண்டு. நான்கு மாதம் என்று சொன்னது இரண்டு வருடக் கிழமாக இருக்கலாம். அனுபவசாலிகள் கோழியின் இறக்கை இரண்டையும் சேர்த்துப் பிடித்து, நெஞ்செலும்பின் பின்நுனியைக் கட்டைவிரலால் அழுத்துவார்கள். வளைந்து கொடுத்தால் இளசு. கட்டையாக நின்றால் குக்கரில் விசில் எண்ணி மாளாது. சேவலென்றால் குதிமுள்ளைத் தடவினாலே போதும். அடுத்து விரல் கழுத்தடி இரைப்பைக்குப் போகும். நிறுப்பதற்கு முன் சோளமும் தண்ணீரும் கொடுத்து அதைப் பந்துபோல் உப்பவைப்பது பழைய தந்திரம். தீவனத்தைக் கோழி விலைக்கு வாங்க யாருக்கும் தலையெழுத்தில்லை. ஆகவே காலையில் தீனி வைக்கும் முன் நிறுப்பதே முறை. உரித்தால் கால்வாசிக்கு மேல் கழியும் என்பதையும் முதலிலேயே பேசிவிட வேண்டும்.

இவ்வாய்வின் தீர்ப்பு இது: 84 வெள்ளி நியாயமான விலை, நடக்காத விலை. 15 வெள்ளி நடக்கிற விலை, அநியாயமான விலை. தம்போயில் கோழி வாங்கப் போகும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆயா “பார்த்துக் குடுங்க” என்றால், முதலில் கூண்டைப் பாருங்கள், பிறகு அவர் முழங்காலைப் பாருங்கள், அப்புறம் 50 வெள்ளிக்குக் குறையாமல் கொடுங்கள். மீதி கேட்காதீர்கள். கோழியைப் போட்டுக்கொண்டு போகப் பையும் நீங்களே கொண்டு வந்துவிடுங்கள்.