சீல் பிரிக்காதவர்

வீட்டுக்கு வந்தவரை உட்காரச் சொல்வதற்கு முன்னால் அலமாரியைப் பார்க்கச் சொல்லும் மனிதர் ஊருக்கு ஒருவராவது இருப்பார். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் வரிசையாக நிற்பவை புத்தகங்கள் என்று நினைத்து வந்தவர் கிட்டே போவார். அத்தனையும் சினிமா. கீழ்த்தட்டில் வீடியோ கேசட்டுகள், அதற்கு மேலே வி.சி.டி.கள், கண்ணுக்கு நேராக டி.வி.டி.கள். சாமி படத்துக்குப் பக்கத்தில், துடைப்பதற்கென்று தனித் துணியோடு, புளூரே. "எல்லாத்தையும் பார்த்துட்டீங்களா சார்?" என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. அவர் முகம் சுருங்கிவிடும்.

இந்த ரகத்தவர் பெரும்பாலும் வங்கியிலோ மின்வாரியத்திலோ எல்.ஐ.சி.யிலோ வேலை பார்ப்பவர், அல்லது பார்த்து முடித்தவர். பேரேடும் ரசீதும் வரிசை எண்ணுமாக வாழ்ந்த கைக்கு வீட்டிலும் ஏதாவது எண் போடவேண்டியிருக்கிறது. சிலர் கோயில் கமிட்டிக்குப் போகிறார்கள். இவர் சினிமாவுக்கு எண் போடுகிறார்.

இவருடைய சரித்திரம் வீடியோ டெக்கில் தொடங்குகிறது. ஜப்பானின் ஜே.வி.சி. கம்பெனி வி.எச்.எஸ். முறையைக் கொண்டுவந்தது 1976இல். நம் தெருக்களுக்கு அது வந்து சேர எண்பதுகள் ஆயிற்று. கல்யாணம், காதுகுத்து என்றால் டி.வி.யையும் டெக்கையும் ஒரு ராத்திரிக்கு வாடகைக்கு எடுப்பார்கள். விடிய விடிய மூன்று படம். முதல் படத்துக்குத் தெருவே இருக்கும், இரண்டாவதுக்குப் பாதித் தெரு. மூன்றாவது படம் ஓடும்போது ஜமுக்காளத்தில் விழித்திருக்கும் ஒரே ஆள் இவர்தான். அப்போதும் படத்தைப் பார்க்கவில்லை. கேசட் டெக்குக்குள் இறங்குவதையும் திரும்ப ஏறி வருவதையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு துபாயிலிருந்து வந்த சித்தப்பா மகன் தயவில் சொந்த டெக் வந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தூர்தர்ஷனில் தமிழ்ப்படம் போடும்போது வீட்டில் ஒருவரும் இவரோடு பேசக் கூடாது. ஒரு விரல் ரெக்கார்டு பொத்தான் மேல், இன்னொரு விரல் பாஸ் பொத்தான் மேல். விளம்பரம் வந்ததும் நிறுத்தவேண்டும், முடிந்ததும் தொடங்கவேண்டும். நடுவில் செய்தி வேறு வரும். 180 நிமிஷக் கேசட்டில் பாதி வேகத்தில் பதிந்தால் ஆறு மணி நேரம் பிடிக்கும் என்று கண்டுபிடித்த நாளில் அவருக்கு வந்த சந்தோஷம் கல்யாணத்தன்றுகூட வரவில்லை என்பது குடும்பத்தார் வாக்குமூலம். ஒரு கேசட்டில் இரண்டு படம். முகங்கள் எல்லாம் அம்மை போட்டது போல இருக்கும், அதனால் என்ன?

இதில் ஒரு வேடிக்கை. அன்று அவர் பாடுபட்டுப் பதிந்த படங்கள் எல்லாம் இன்று கைப்பேசியில் இலவசமாகக் கிடைக்கின்றன. அவர் விரல் தவறிப் பதிவானவைதான் எங்கும் கிடைப்பதில்லை. பழைய சோப்பு விளம்பரம், காணாமல் போனவர் பற்றிய அறிவிப்பு, 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' அட்டை. அமெரிக்காவில் மேரியன் ஸ்டோக்ஸ் என்ற பெண்மணி முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தொலைக்காட்சியை இரவு பகலாகப் பதிவு செய்து, 2012இல் இறந்தபோது சுமார் 70,000 கேசட்டுகளை விட்டுப்போனார். அவரைப் பற்றி ஓர் ஆவணப்படமே வந்திருக்கிறது. நம்மவருக்கு இந்த விஷயம் தெரிந்ததிலிருந்து வீட்டில் அதை உதாரணம் காட்டாத நாள் இல்லை. "அந்தம்மா வீட்டுல எத்தனை ரூம் இருந்துச்சுன்னு கேளுங்க" என்பது மனைவியின் நிரந்தரப் பதில்.

கேசட்டுக்கு எதிரி சென்னையின் ஈரக்காற்று. இரண்டு மழைக்காலம் பிரிக்காமல் வைத்தால் டேப்பின் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சை பூத்துவிடும். அதற்காக இவர் ஊரில் யார் செருப்பு வாங்கினாலும் பெட்டிக்குள் இருக்கும் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தைக் கேட்டு வாங்கிவருவார். 2015 டிசம்பர் வெள்ளத்தில் தண்ணீர் வாசற்படி ஏறியபோது பரணுக்கு முதலில் போனது 'சந்திரலேகா'. ரேஷன் கார்டு இரண்டாவது நடையில் போனது. இதை அவரே பெருமையாகச் சொல்வார். மனைவியும் இதையே சொல்வார், வேறு தொனியில்.

ஒரே படத்தை எத்தனை முறை வாங்கலாம் என்ற கேள்விக்கு இவரிடம் பதில் இருக்கிறது. 1964இல் வந்த 'கர்ணன்' முதலில் கேசட்டாக வீட்டுக்கு வந்தது. அப்புறம் வி.சி.டி. அதில் ஒரு டிஸ்க்குக்கு 74 நிமிஷம், மிஞ்சினால் 80. மூன்று மணி நேரப் படம் மூன்று டிஸ்க் ஆயிற்று. தேரோட்டிக்கொண்டிருக்கும் கிருஷ்ணரை நிறுத்திவைத்துவிட்டு எழுந்துபோய் டிஸ்க் மாற்றவேண்டும். பிறகு டி.வி.டி. 2012 மார்ச்சில் படத்தை டிஜிட்டலில் புதுப்பித்துத் தியேட்டரில் வெளியிட்டபோது இளைஞர்கள்கூடப் போய் விசிலடித்தார்கள், படம் நூறு நாளைத் தாண்டி ஓடியது. இவரும் போனார். இடைவேளையில் மேனேஜரைத் தேடிப்பிடித்துக் கேட்டது ஒன்றே ஒன்று: "இதோட டிஸ்க் எப்ப சார் வரும்?"

இவருடைய பொற்காலம் 2007. மோசர் பேயர் கம்பெனி வி.சி.டி.யை 28 ரூபாய்க்கும் டி.வி.டி.யை 34 ரூபாய்க்கும் விற்க வந்த வருஷம். அதுவரை ஒரிஜினல் என்றால் நூறு, இருநூறு என்று யோசித்து வாங்கியவர், காய்கறிப் பையோடு கிளம்பினார். தக்காளி வாங்கப் போய் ஜெய்சங்கர் படம் ஏழு வாங்கிவந்த நாள் உண்டு. அந்தக் கம்பெனியைக் கலைத்துவிடும்படி 2018இல் உத்தரவானது. அதற்குள் இவர் வாங்கவேண்டியதை எல்லாம் வாங்கி முடித்திருந்தார். சொல்லப்போனால் வாங்கவேண்டாதவற்றையும்.

பர்மா பஜார் என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். "திருட்டு டிஸ்க் என் அலமாரியில ஏறாது" என்பது கொள்கை. அலமாரியில் ஏறாததும் உண்மைதான், அவை கட்டிலுக்கு அடியில் இருக்கின்றன. பீச் ஸ்டேஷனுக்கு எதிரே, பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் பிழைப்புக்காகப் போட்ட அந்தக் கடைவரிசைக்கு இவர் போவது "சும்மா டார்ச் லைட் வாங்க". வரும்போது பையில் 'ஐந்து படம் ஒரே டிஸ்க்கில்' இருக்கும். அதில் ஒன்று தியேட்டர் பிரிண்டாகத்தான் இருக்கும். கதாநாயகி அழும் கட்டத்தில், திரையின் குறுக்கே ஒருவர் எழுந்து பாத்ரூமுக்குப் போவார். 2004இல் தமிழக அரசு திருட்டு வீடியோக்காரர்களைக் குண்டர் சட்டத்தில் சேர்த்தபோது இவர் ஒரு வாரம் கட்டிலைச் சுவரோடு ஒட்டிப் போட்டுப் படுத்தார்.

சேர்த்தால் மட்டும் போதுமா, அடுக்கவேண்டுமே. அகரவரிசை என்று தொடங்கினார். 'அ' ஒழுங்காகப் போயிற்று. '16 வயதினிலே'வைப் 'ப'வில் வைப்பதா, எண்ணில் வைப்பதா என்பதில் முதல் இடைஞ்சல். எண் என்று முடிவானால் '12பி', '7ஜி ரெயின்போ காலனி', '96' எல்லாம் ஒரு தட்டில் கூடிக் கணக்கு வகுப்பு போல ஆகிவிடும். அதைவிடப் பெரிய இம்சை, பெயருக்குப் பஞ்சம் வந்த தமிழ் சினிமா. 'ஆயிரத்தில் ஒருவன்' 1965இலும் இருக்கிறது, 2010இலும் இருக்கிறது. 'பொல்லாதவன்' 1980, 2007. 'தில்லு முல்லு' 1981, 2013. 'உத்தம புத்திரன்' மூன்று: 1940, 1958, 2010. நோட்டுப் புத்தகத்தில் மூன்றையும் அடைப்புக்குறியில் வருஷம் போட்டு எழுதினார். பேரன் வந்து "தாத்தா, இவங்கள்லாம் எப்பச் செத்தாங்க?" என்று கேட்டான்.

இவருடைய சினிமா அறிவைப் பற்றி ஒருவரும் குறை சொல்ல முடியாது, கதையைக் கேட்காதவரை. படம் எத்தனை நிமிஷம், ஒலி எத்தனை சேனல், லண்டன் கம்பெனி போட்ட டி.வி.டி.க்கும் உள்ளூர்க் கம்பெனி போட்டதற்கும் வண்ணத்தில் என்ன வித்தியாசம், எந்தப் பதிப்பில் எந்தப் பாட்டை வெட்டியிருக்கிறார்கள், திரையின் மூலையில் எந்தக் கம்பெனி முத்திரை கடைசிவரை கொசு மாதிரி உட்கார்ந்திருக்கும் எல்லாம் விரல் நுனியில். "படம் எப்படி சார்?" என்றால் "டி.டி.எஸ்., 5.1" என்பார். இரண்டு பிரதி வாங்குவது வழக்கம். ஒன்று சீல் பிரிக்காமல் வைக்க, ஒன்று பார்க்க. பார்க்க வாங்கியதையும் பிரிப்பதில்லை. அதற்கு நல்ல நாள் வரவேண்டும்.

நல்ல நாள் என்பது விருந்தாளி வரும் நாள். சாப்பாடு முடிந்து எல்லாரும் சோபாவில் சாய்ந்ததும் இவர் எழுவார். படம் தேர்ந்தெடுக்க முக்கால் மணி. தேர்ந்தெடுத்தது 'அந்த நாள்'. 1954இல் எஸ். பாலசந்தர் பாட்டே இல்லாமல் எடுத்த துணிச்சலைப் பற்றி முன்னுரை. டிஸ்க்கை ஓரத்தில் பிடித்து, மூக்குக்கண்ணாடித் துணியால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் துடைத்து உள்ளே விடுவார். படம் தொடங்கியதும் முதல் புகார் வரும்.

"மாமா, டி.வி. ரெண்டு பக்கமும் கறுப்பா இருக்கே, ரிப்பேரா?"

அந்தக் காலத்துச் சட்டம் சதுரத்தைவிடக் கொஞ்சம்தான் அகலம், அப்படித்தான் பார்க்கவேண்டும் என்று விளக்குவார். மச்சினர் ரிமோட்டை வாங்கி ஒரு பொத்தானை அழுத்த, சிவாஜி இரு மடங்கு பருத்து, கறுப்பு மறைந்து, சபைக்குத் திருப்தி. இவர் ரிமோட்டைப் பிடுங்கி மறுபடி ஒல்லியாக்குவார். இந்தப் போராட்டம் நடக்கையில் மூலையிலிருந்து மச்சினர் மகள், கைப்பேசியிலிருந்து தலை நிமிராமல் சொல்வாள்: "இது யூடியூப்லயே இருக்கே மாமா."

அதற்குப் பிறகு அன்று அந்த வீட்டில் காப்பி கிடைக்காது.

அமெரிக்காவிலிருந்து அக்கா மகன் வரும்போது "என்ன வாங்கிட்டு வரட்டும்" என்று கேட்பான். மற்றவர்கள் பாதாமும் சென்ட்டும் கேட்க, இவர் நியூயார்க் கிரைடீரியன் கம்பெனி போட்ட சத்யஜித் ராயின் அபு வரிசையைக் கேட்டார். ஆசைப்படவேண்டிய பொருள்தான் அது. அந்தப் படங்களின் மூல நெகடிவ்கள் 1993இல் லண்டன் லேபரட்டரி ஒன்றில் தீயில் கருகின. இத்தாலியின் பொலோனியாவில் அவற்றை ஊறவைத்து, பிரித்து, ஒட்டி, மிஞ்சியதை மற்றப் பிரதிகளோடு சேர்த்து மீட்டார்கள். 2015இல் டிஸ்க் வந்தது. வீட்டுக்கு வந்ததும் கற்பூரம் காட்டாத குறை. பிளேயரில் போட்டால் 'இந்த டிஸ்க் இந்தப் பகுதிக்கானது அல்ல' என்று எழுத்து வந்தது. அமெரிக்காவுக்குப் புளூரேயில் 'ஏ' எழுத்து, இந்தியாவுக்கு 'சி'. வங்காளத்துப் பையன் அபு லண்டனில் எரிந்து, இத்தாலியில் பிழைத்து, நியூயார்க் வழியாகச் சென்னை வரை வந்து வாசலில் நிற்கிறான், உள்ளே விட மாட்டேன் என்கிறது பெட்டி. ரிச்சி தெருவில் பகுதி பார்க்காத பிளேயர் ஒன்றைத் தேடிப்பிடிக்க நாலு மாசமானது. அது வந்தபிறகும் படத்தைப் பார்க்கவில்லை. 'ஓடுகிறது' என்று உறுதி செய்துகொண்டு எடுத்து வைத்துவிட்டார்.

மகன் ஒரு வழி சொன்னான்: எல்லாவற்றையும் ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றிவிடுங்கள். 4 டி.பி. வாங்கினார், கம்ப்யூட்டரில் செருகினார், 3.63 என்று காட்டியது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்குப் போனார். கம்பெனி ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறது, கம்ப்யூட்டர் 1024ஆக எண்ணுகிறது, அதனால் வந்த வித்தியாசம் என்று கடைப் பையன் காகிதத்தில் போட்டுக் காட்டினான். "பேங்க்ல இப்படி எண்ணியிருந்தா என்னை சஸ்பெண்ட் பண்ணியிருப்பாங்க" என்று முனகியபடி இன்னும் இரண்டு வாங்கிவந்தார். மூன்று பிரதி, இரண்டு வகைப் பெட்டி, ஒன்று வெளியூரில் என்று எங்கோ விதி படித்திருக்கிறார். வெளியூர்ப் பிரதி மாமியார் வீட்டு அரிசி டிரம்முக்குள் பத்திரமாக இருக்கிறது.

இவரைப் பார்த்துச் சிரிப்பது சுலபம். ஆனால், மாசாமாசம் பணம் கட்டுகிற ஆப்பில் நேற்றுப் பாதியில் நிறுத்திய படம் இன்று உரிமை முடிந்து காணாமல் போகும்போது மகன் அசட்டுச் சிரிப்போடு அப்பா அலமாரிக்குத்தான் வருகிறான். தமிழின் முதல் பேசும் படமான 'காளிதாஸ்' 1931 அக்டோபர் 31இல் வெளிவந்தது. இன்று அதன் ஒரு பிரதிகூட இல்லை. டி.பி. ராஜலட்சுமியின் குரல் அந்தப் படத்தில் எப்படி ஒலித்தது என்று இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. அந்தக் காலத்தில் யாராவது ஓர் அசடு அதைக் கட்டிலுக்கு அடியில் ஒளித்துவைத்திருக்கலாம். செட்டிநாட்டில் பழைய வீடு இடிக்கிறார்கள் என்று செய்தி வந்தால், அங்கே பரணில் அந்தப் பிரதி இருக்குமோ என்று நம்மவருக்கு இன்றும் கை நமைக்கும்.

ஜப்பானில் கடைசியாக டெக் தயாரித்துக்கொண்டிருந்த ஃபுனாய் கம்பெனி 2016 ஜூலையில் அதை நிறுத்தியது. இவர் அன்று சவரம் செய்துகொள்ளவில்லை. ஓடுகிற டெக் ஒன்று, உதிரி பாகத்துக்காக இரண்டு என இப்போது மூன்று இருக்கின்றன. நெட்ஃபிளிக்ஸ் 2023 செப்டம்பரில் அமெரிக்காவில் தபாலில் டி.வி.டி. அனுப்புவதை நிறுத்தியபோது நம் ஊர் ஆசாமிக்கு ஒரு நஷ்டமும் இல்லை. ஆனாலும் பேப்பரை மடித்துவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

சமீப காலமாக வேறொரு கவலை. தனக்குப் பிறகு இதெல்லாம் யாருக்கு? நியூயார்க்கில் லாண்டரிக் கடையில் வீடியோ வாடகைக்கு விடத் தொடங்கிய யோங்மேன் கிம் என்ற கொரியாக்காரர், கடையை மூடும்போது சுமார் 55,000 படங்களை இத்தாலியின் சிசிலித் தீவில் சலேமி என்ற சிற்றூருக்குக் கொடுத்துவிட்டார். 2009இல் போய்ச் சேர்ந்தவை அங்கே பல வருஷம் கேட்பாரற்றுக் கிடந்து, 2022இல் நியூயார்க்குக்கே திரும்பின. இதைப் படித்ததிலிருந்து எந்த ஊர் தன்னுடையதை ஏற்கும் என்று இவர் யோசிக்கிறார். பக்கத்து நூலகத்தில் விசாரித்தார். "பிளேயரும் சேர்த்துக் குடுப்பீங்களா?" என்று கேட்டார்கள். உதிரி பாக டெக்கைப் பிரிய மனம் வரவில்லை.

"அந்த இத்தாலி ஊர்லயே இப்ப இடம் காலியாத்தானே இருக்கும்? கேட்டுப் பாருங்க. அனுப்புற செலவு என்னோடது" என்றார் மனைவி.

அதை அவர் நிஜமாகவே எடுத்துக்கொண்டார். அனுப்புவதென்றால் பட்டியல் வேண்டும், பட்டியலென்றால் ஒவ்வொரு உறையையும் திறந்து பார்க்கவேண்டும். 'கரகாட்டக்காரன்' உறையைத் திறந்தால் உள்ளே 'மைக்கேல் மதன காமராஜன்'. அதன் உறையில் யாருடையதோ கல்யாண வீடியோ. அந்தக் கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்திருப்பவர்களை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, இரவல் வாங்கிப் போனது யார் என்று இப்போது துப்பறிந்துகொண்டிருக்கிறார். சந்தேகம் மூன்று பேர் மேல். மூவரில் ஒருவர் கும்பகோணத்தில் இருக்கிறார், போன் எடுப்பதில்லை.