நிற்கும் கால்களுக்கு ஒரு நாற்காலி

கேள்வி: கண்டிப் புடவைக் கடையொன்றில் நாள் முழுதும் நின்றே வேலை செய்கிறேன். கெண்டைக்காலில் பச்சை நாளங்கள் முறுக்கிப் புடைத்துவிட்டன. மாலையில் செருப்பு வார் பதியும்படி பாதம் வீங்குகிறது. அம்மாவுக்கும் இப்படித்தான். தலைவிதியா? (வாசகி, கட்டுகஸ்தோட்டை)

பதில்: பாதி தாயார் தந்த சீதனம், சகோதரி, மீதி முதலாளி தந்தது. விதிக்கு இதில் பங்கே இல்லை.

பாதத்திலிருந்து இருதயத்துக்கு ஏறவேண்டிய இரத்தத்தை, நாம் நடக்குந்தோறும் சுருங்கி விரியும் கெண்டைத் தசையே மேலே தள்ளுகிறது. கடுகண்ணாவை ஏற்றத்தில் பாரலொறி இளைத்து நிற்கையில், அது பின்னால் உருண்டுவிடாதபடி கிளீனர் குதித்தோடிச் சக்கரத்துக்குக் கட்டை வைப்பதைக் கண்டிருப்பீர்களே, அந்தக் கட்டையின் உத்தியோகத்தை நாளங்களுக்குள் இருக்கும் சின்னஞ்சிறு வால்வுகள் பார்க்கின்றன. அசையாமல் நின்றாலோ தசை தள்ளுவதில்லை. தேங்கிய இரத்தத்தின் பாரத்தால் நாளம் விரிய, வால்வின் இதழ்கள் ஒன்றையொன்று தொடமாட்டாமல் விலக, ஏறியது மீண்டும் இறங்கித் தோலடி நாளங்களைப் புடைக்கச் செய்கிறது.

ஆகவே முதல் ஔஷதம் நாற்காலி. கேரளத்தில் 2018இலும், தமிழ்நாட்டில் 2021இலும், கடை ஊழியருக்கு இருக்கை தரவேண்டுமென்று சட்டத்தையே திருத்தினார்கள். வாடிக்கையாளர் வராத வேளையிலும் பெண்பிள்ளைகளை நிறுத்திவைப்பதனால் ஒரு முழத் துணிகூட அதிகம் விலைபோகாது என்பதை நம் நகரத்து வர்த்தகப் பெருமக்களிடம் வணக்கத்துடன் விண்ணப்பித்துக்கொள்கிறேன். நாற்காலி வரும்வரை, நின்ற இடத்திலேயே குதிகாலை உயர்த்தி உயர்த்தி இறக்குங்கள். வீடு சேர்ந்ததும் படுத்து, கால்களை நெஞ்சு மட்டத்துக்கு மேலாகத் தலையணைமீது வையுங்கள். ஓய்வு நாளில் வாவியைச் சுற்றி நடங்கள். அழுத்தக் காலுறையை, டாக்டர் காலின் இரத்த ஓட்டத்தைப் பரிசோதித்து அளவு சொன்ன பிறகே வாங்கி, காலையில் வீக்கம் ஏறுமுன் அணியவேண்டும்.

கேள்வி: லேசரால் நாளத்தை மூடிவிட்டால் இரத்தம் எங்கே போகும்? (வாசகர், பேராதனை)

பதில்: ஆழத்திலுள்ள பெருநாளங்களில், இப்போதும் பெரும்பகுதி அவ்வழியேதான் போகிறது. ஸ்கேனில் அவை சீராயிருப்பதைக் கண்ட பின்பே மூடுவார்கள்.

கேள்வி: கொழுந்து பறிக்கும் என் தாயாருக்குக் கணுக்காலின் உட்புறம் தோல் கறுத்து அரிக்கிறது. பச்சிலை கட்டலாமா? (வாசகர், கலஹா)

பதில்: வேண்டாம். அந்தக் கறுப்பு, புண் வரப்போவதற்கு அடையாளம். தாமதியாமல் கண்டி தேசிய வைத்தியசாலையிலோ பேராதனை போதனா வைத்தியசாலையிலோ காட்டுங்கள். சொறிந்து இரத்தம் பீறிட்டால், உடனே படுக்கவைத்து, காலை உயர்த்தி, சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள், கயிறு கட்டாதீர்கள். ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். கூடவே மூச்சும் வாங்கினால், அந்த நிமிஷமே.