முதல் வருஷம் முழுக்கக் கோடு

இந்த வாரத் தபால் பையைத் திறந்தால் மாமாவின் கை கறுப்பாகிறது. கவின்கலைக் கல்லூரியில் முதலாண்டு சேர்ந்த பிள்ளைகளும், ஃபீஸ் கட்டிவிட்டு நகம் கடிக்கிற பெற்றோரும் போட்டி போட்டு எழுதியிருக்கிறார்கள். பாதிக் கடிதங்களில் கையெழுத்தைவிடக் கைரேகை தெளிவு.

கவலைப்படும் அப்பா, கும்பகோணம்
மகன் சென்னையில் பி.எஃப்.ஏ. சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது. இன்னும் கோடுதான் போடுகிறான். படம் எப்போது வரைவான்?

பாட்டுக்கு அனுப்பியிருந்தால் இரண்டு மாதமும் சரளி வரிசைதான் பாடியிருப்பான். “கல்யாணி எப்போ வரும்?” என்று கேட்டிருப்பீர்களா? நான்கு வருஷப் படிப்பில் முதல் வருஷம் எல்லாருக்கும் பொது. ஓவியம், சிற்பம், பீங்கான், துணி என்று பிரிவதெல்லாம் அப்புறம். பொறுங்கள். அடுத்த மாதம் வட்டம் போடுவான்.

பத்தாம் வகுப்பு மாணவி, விருதுநகர்
ஓவியக் கல்லூரி முதலில் வந்தது கல்கத்தாவிலா, பம்பாயிலா?

இரண்டுக்கும் அக்கா மெட்ராஸ். இங்கே 1850, கல்கத்தாவில் 1854, பம்பாயில் 1857. பெரியமேட்டில் இன்றும் இருக்கிறது. தொடங்கியவர் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற சர்ஜன். டாக்டருக்குப் படித்துவிட்டு ஓவியப் பள்ளி நடத்தப் போனவர்! இன்றைக்கு ஒரு பிள்ளை அப்படிச் செய்தால் அந்த வீட்டில் மூன்று நாள் அடுப்பு எரியாது.

பதறும் பாட்டி, திண்டுக்கல்
பேரன் பென்சிலைக் கடித்துக்கொண்டே வரைகிறான். ஈயம் விஷமாச்சே?

பெயர்தான் ஈயம், உள்ளே இருப்பது கிராஃபைட். அதோடு களிமண் சேர்த்துச் சுட்டால் பென்சில் குச்சி. 1795-ல் கோன்டே என்ற பிரெஞ்சுக்காரர் கண்ட பக்குவம். களிமண் கூடினால் கெட்டி, அது ‘ஹெச்’. கிராஃபைட் கூடினால் கறுப்பு, அது ‘பி’. நடுவில் நிற்கும் ஹெச்.பி., இரு வீட்டாரையும் பகைத்துக்கொள்ளாத கல்யாணத் தரகர். கடிப்பதைத் தடுங்கள் பாட்டி, விஷத்துக்காக அல்ல. பென்சில் விலைக்காக.

விடுதி மாணவர், பெரியமேடு
பென்சில் இருக்கக் கரித்துண்டை ஏன் கொடுக்கிறார்கள்? போட்டிருக்கும் சட்டையெல்லாம் பாழ்.

பென்சில் கொடுத்தால் கண்ணிமை மயிரிலிருந்து ஆரம்பிப்பாய். கரியில் இமை வராது. முதலில் தலை எங்கே, வெளிச்சம் எங்கே, நிழல் எங்கே என்று பார்த்தே தீர வேண்டும். முதல் வருஷப் பாடம் இதுதான்: நீ பொருளை ஆளப் போவதில்லை, பொருள்தான் உன்னை ஆளாக்கப் போகிறது. சட்டை போனால் போகட்டும். கரியை ஒட்டவைக்கும் ஃபிக்ஸேட்டிவ் அடிக்காமல் சுருட்டினால் படமே உன் சட்டைக்குக் குடிவந்துவிடும்.

அநியாயத்துக்கு ஆளானவன், சேலம்
ஆசிரியர் என் ரப்பரைப் பிடுங்கி வைத்துக்கொண்டார். இது நியாயமா மாமா?

ரப்பர் வருமுன் ஐரோப்பாவில் ரொட்டித் துணுக்கால் அழித்தார்கள். பென்சில் கோட்டை ரப்பர் அழிக்கும் என்று 1770-ல் எழுதிவைத்தவர் ஜோசஃப் பிரீஸ்ட்லி. பின்னால் ஆக்சிஜனைப் பிரித்தெடுத்த அதே பிரீஸ்ட்லி. இரண்டுமே இல்லாவிட்டால் மாணவனுக்கு மூச்சு முட்டும்தான். ஆனால் தப்புக்கோட்டை அழித்தால் அதே தப்பு அதே இடத்தில் திரும்ப வரும். விட்டுவைத்துப் பக்கத்திலேயே சரியான கோட்டைப் போட்டால், எத்தனை தூரம் தப்பினோம் என்று தெரியும். அவர் பிடுங்கியது ரப்பரை அல்ல, தடயத்தை அழிக்கும் வசதியை.

சிற்றிதழ் வாசகர், கோவில்பட்டி
கோட்டை மட்டும் வைத்துப் பேர் வாங்கியவர் உண்டா?

கே.எம். ஆதிமூலம். சென்னைக் கல்லூரி தந்தவர். காந்தியைக் கோட்டோவியங்களாக வரைந்து தள்ளினார். அது லேசுப்பட்ட வேலை இல்லை. கோணல் கோட்டை ஒளித்துவைக்கக் காந்தி உடம்பில் ஒரு சட்டைப் பைகூடக் கிடையாது.

கடைக்குப் போய் மயங்கிய அம்மா, மதுரை
பட்டியலில் 300 ஜி.எஸ்.எம். தாள் என்று எழுதியிருக்கிறது. சார்ட் பேப்பர் ஆகாதா?

ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்பதுதான் ஜி.எஸ்.எம். நோட்டுத் தாள் 70, 80-க்குள் அடங்கும். 300 இருந்தால் தண்ணீரைத் தாங்கும். சார்ட் பேப்பர் ஒரு சொட்டுப் பட்டதும் அப்பளம். உசத்தியான தாள் மரக்கூழில் வருவதில்லை, பருத்தியில் வருகிறது. புதுச்சேரி ஆசிரமத்தில் பருத்தித் துணி வெட்டில் கைத்தாள் செய்கிறார்கள். நீங்கள் வாங்கப்போவது மோட்சம் அடைந்த வேட்டி. வேட்டி விலைதான் இருக்கும்.

குழம்பிய முதலாண்டு, ஈரோடு
வாட்டர் கலர், ஆயில், அக்ரிலிக், டெம்பரா… என்னதான் வித்தியாசம்?

வண்ணப்பொடி ஒன்றே, பசைதான் வேறு. வேலம்பிசின் சேர்த்தால் வாட்டர் கலர். ஆளிவிதை எண்ணெய் சேர்த்தால் ஆயில். பிளாஸ்டிக் பால்மம் சேர்த்தால் அக்ரிலிக். முட்டையின் மஞ்சள் கரு சேர்த்தால் டெம்பரா. ஒரே மாவில் இட்லி, தோசை, ஊத்தப்பம். டெம்பரா மட்டும் ஆம்லெட்.

கண்ணீருடன், கோவை
ஆசையாகப் போட்ட ஆயில் பெயின்டிங் வெடித்துவிட்டது.

அடியில் எண்ணெய் தாராளமாக ஊற்றி, மேல்பூச்சில் கஞ்சத்தனம் பண்ணியிருப்பாய். மேல் சீக்கிரம் இறுகிவிடும், அடி இன்னும் அசைந்துகொண்டிருக்கும். விரிசல் விடாமல் என்ன செய்யும்? அடியில் மெலிந்தது, மேலே கொழுத்தது. ரயில் பெர்த்துக்கு நேர் எதிரான விதி என்று ஞாபகம் வைத்துக்கொள். இன்னொன்று: ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறியாதே. தானே சூடாகித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடு. உன் படம் பற்றிக்கொள்ளட்டும், விடுதி வேண்டாம்.

சேற்றில் நிற்பவள், திருச்சி
சிவப்பும் நீலமும் கலந்தால் ஊதா என்றார்கள். எனக்குச் சேறு வருகிறது.

உன் சிவப்பு குங்குமச் சிவப்பா? அதற்குள் மஞ்சள் பதுங்கியிருக்கிறது. மூன்று வண்ணம் ஒரே தட்டில் விழுந்தால் சேறுதான். ரோஜாப் பக்கம் சாய்ந்த க்ரிம்ஸனை எடுத்துப் பார். ட்யூபில் பெரிதாக அச்சடித்த பெயரைப் பார்த்து வாங்காதே. பின்பக்கம் பொடி எழுத்தில் நிறமி எண் இருக்கும். பெயர் பத்திரிகை, எண் ஜாதகம்.

அதே கவலைப்படும் அப்பா, கும்பகோணம்
நாற்காலியை வரையச் சொல்லிவிட்டு, “நாற்காலியைப் பார்க்காதே, கால்களுக்கு நடுவே உள்ள இடைவெளியை வரை” என்கிறாராம் ஆசிரியர். இதற்கா ஃபீஸ்?

இதற்குத்தான். ‘நாற்காலி’ என்று பெயர் தெரிந்ததும் மூளை பார்ப்பதை நிறுத்திவிடும். ஞாபகத்தில் உள்ள நாற்காலியை வரைந்துவிட்டுக் கூலி கேட்கும். இடைவெளிக்குப் பெயர் கிடையாது. அதனால் கண் ஒழுங்காக வேலை பார்த்தே ஆகவேண்டும். வரைந்து முடித்துப் பார்த்தால் நாற்காலி தானாக நிற்கும். நாற்காலியைப் பார்க்காதே என்று முதல் வருஷமே சொல்லிவிடுவதால்தான் ஓவியர்கள் அதிகம் அரசியலுக்கு வருவதில்லை.

மாமாவின் பழைய வாசகர், வேலூர்
இந்த முதலாண்டுக் கூத்தையெல்லாம் கண்டுபிடித்தது யார்?

பெரும் பங்கு ஜெர்மனிக்காரர்களின் பௌஹவுஸுக்கு. 1919-ல் வைமாரில் தொடங்கிய பள்ளி. அங்கே முன்பாடம் நடத்திய யோஹன்னஸ் இட்டன், பென்சிலைத் தொடுமுன் மூச்சுப் பயிற்சி செய்யச் சொல்வார். பின்னால் வந்த ஜோசஃப் ஆல்பர்ஸ் வெறும் தாளைக் கொடுத்து, “இதற்கு என்ன வருமோ அதைச் செய்” என்கிற ரகம். மடித்தால் தாள் நிற்கும் என்பதே பாடம். உங்கள் பிள்ளை உட்கார்ந்து காகிதம் மடித்தால் திட்டாதீர்கள். நூறு வருஷப் பரம்பரை.

பிரஷ் வாங்கப் போனவர், நாகர்கோவில்
“கீரி முடி பிரஷ் இருக்கு, வேணுமா?” என்று ஒருவர் காதில் சொன்னார். வாங்கலாமா?

காதில் சொன்னபோதே புரிந்திருக்க வேண்டாமா? கீரி, 1972-ம் வருஷ வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிற பிராணி. அதன் முடியில் பிரஷ் செய்வதும் விற்பதும் குற்றம். நைலான் பிரஷ் வாங்குங்கள். கீரி முடியின் நுனி கூர்மைதான், வனத்துறையின் கேள்விகள் அதைவிடக் கூர்மை.

கைநழுவிய களிமண், மானாமதுரை
நான் செய்த குதிரை சூளையில் வெடித்துவிட்டது. மண் சரியில்லையோ?

மண்மேல் பழி போடாதே. உள்ளே ஈரம் இருந்திருக்கும். சூட்டில் அது ஆவியாகும், வெளியே வர வழி கேட்கும், கிடைக்காவிட்டால் தானே வழி செய்துகொள்ளும். சூளைக்கு அனுப்புமுன் கன்னத்தில் வைத்துப் பார். சில்லென்றால் இன்னும் காயவில்லை. அவசரக் குதிரை அய்யனார் கோவிலுக்குப் போகாது.

தலைகீழாக நிற்பவன், கடலூர்
லினோவில் என் பெயரைச் செதுக்கி அச்செடுத்தேன். இடவலம் மாறி வந்துவிட்டது.

அச்சுக்கலையின் ஆரம்ப அவமானம். எல்லாருக்கும் ஒருமுறை உண்டு. பெயரை மெல்லிய தாளில் எழுதி, கவிழ்த்துப் போட்டு நகலெடுத்துச் செதுக்கு. தமிழில் ‘ப’ எழுத்து இடவலம் மாறினாலும் ‘ப’தான். உன் அப்பா பெயர் வைக்கும்போது கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

சுவர் கிடைக்காதவர், தஞ்சாவூர்
சுவரோவியம் எல்லாவற்றிலும் கஷ்டம் என்கிறார்களே?

ஈரச் சுண்ணாம்பில் வரைவது கஷ்டம்தான். பூச்சு காய்வதற்குள் முடிக்க வேண்டும், திருத்த முடியாது. உங்கள் ஊர்ப் பெரிய கோவிலில் சோழர் காலத்து ஓவியர்கள் அப்படித்தான் வரைந்தார்கள். நாயக்கர் காலத்தில் அதே சுவரில் மேலே வேறு படம் ஏறிவிட்டது. உள்ளே சோழர் ஓவியம் இருப்பதை 1931-ல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டுபிடிக்கும்வரை யாருக்கும் தெரியாது. ‘இந்தச் சுவர் ரிசர்வ்டு’ என்று எழுதிவைக்கத் தெரியாத அப்பாவிகள் சோழர்கள்.

டேப்லெட் தம்பி, ஓசூர்
அன்டூ பட்டன் இருக்கும் காலத்தில் இதெல்லாம் எதற்கு மாமா?

சுவாமிமலைக்கு ஒரு நடை போய் வா. தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருவம் செய்வார்கள். மேலே காவிரி வண்டல் மண் பூசுவார்கள். சூடாக்கினால் மெழுகு ஓடிவிடும், அந்த வெற்றிடத்தில் உலோகம் இறங்கும். அச்சை உடைத்தால்தான் சிலை. ஒரு மெழுகு, ஒரு அச்சு, ஒரே ஒரு நடராஜர். அன்டூ இல்லை என்று தெரிந்த கைதான் தொடுமுன் யோசிக்கும்.

கூச்சப்படும் பெரியப்பா, காரைக்குடி
ஆளை அரைகுறைத் துணியோடு உட்காரவைத்து வரைகிறார்களாமே, சரியா?

உடம்பின் பாரம் எந்தக் காலில் இறங்குகிறது என்று சட்டைக்கு மேலே பார்த்தால் தெரியாது. சென்னைக் கல்லூரியின் முதல் இந்திய முதல்வர் தேவிபிரசாத் ராய் சௌத்ரி. மெரினாவில் 1959-ல் வைத்த உழைப்பாளர் சிலை அவர் செய்தது. நான்கு பேர் பாறையை நெம்புகிறார்கள், உடம்பில் துணி கொஞ்சம்தான். அதைப் பார்த்து யாருக்காவது வெட்கம் வந்ததுண்டா? முதுகுதான் வலிக்கும்.

எதிர்காலம் கேட்கும் சித்தப்பா, தாம்பரம்
படித்து முடித்தால் பிழைக்க முடியுமா?

1966-ல் கே.சி.எஸ். பணிக்கரும் அவர் மாணவர்களும் பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் விற்ற காசில், ஈஞ்சம்பாக்கம் கடலோரம் நிலம் வாங்கிச் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை அமைத்தார்கள். ஈ.சி.ஆரில் இன்றைய விலையை விசாரித்துவிட்டு வந்து, ஓவியனுக்குப் பிழைக்கத் தெரியாது என்று சொல்லுங்கள்.

வலது கையில் மாவுக்கட்டு, பழனி
கை ஒடிந்துவிட்டது. செமஸ்டர் போச்சா?

கும்பகோணம் ஓவியப் பள்ளியில் படித்த ஓவியர் கோபுலு, பக்கவாதத்தில் வலது கை முடங்கியபின் இடது கையால் வரையப் பழகினார். பார்க்கக் கற்ற கண் இருந்தால் கை மாற்று ஆள்தான். ஒடிந்தது கைதானே? கண்ணைத் திறந்து வகுப்புக்குப் போ.

சந்தேகி, சிங்கப்பூர்
ஏ.ஐ. ஒரே நொடியில் வரைந்துவிடுகிறதே?

அதன் சட்டையில் கரி ஒட்டியிருக்கிறதா, பார்த்துச் சொல்லுங்கள்.

மறுபடியும் அப்பா, கும்பகோணம்
லீவுக்கு வந்தவன் என்னைத் திண்ணையில் உட்காரவைத்து வரைந்தான். ஒன்றரை மணி நேரம் அசையவிடவில்லை. கடைசியில் பார்த்தால் படம் என் சாயலிலேயே இல்லை!

ஒன்றரை மணி நேரம் மகன் உங்களைக் கண்கொட்டாமல் பார்த்திருக்கிறான். கட்டிய ஃபீஸ் அங்கேயே கழிந்துவிட்டது. படத்தை மறுபடி ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். முன்மண்டையில் முடி இல்லை, அதுதானே வருத்தம்? ஐயா, அவன் இடைவெளியை வரையக் கற்றுக்கொண்டுவிட்டான்.