குற்றவாளிக் கூண்டில் அணில்

கே: 2021-ல் மின்தடைக்கு அணிலும் ஒரு காரணம் என்று அப்போதைய அமைச்சர் செந்தில்பாலாஜி சொன்னபோது ஊரே மீம்ஸ் போட்டுச் சிரித்தது. போன வாரம் எங்கள் வீட்டு நெட் கேபிளைச் சரி செய்ய வந்த பையனும் அணிலைத்தான் சொல்கிறான். நம்பலாமா? (வாசகர், கரூர்)

ப: அந்த அமைச்சரின் ஊரிலிருந்தே இந்தக் கேள்வியா! அப்போது தமிழ்நாட்டில் எத்தனை மின்தடை அணில் கணக்கில் எழுதப்பட்டது என்பது வேறு விவகாரம். ஆனால் அணிலுக்குப் பழைய கேஸ்கள் உண்டு. 1987 டிசம்பரில் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தை 82 நிமிடம் ஸ்தம்பித்தது. கனெக்டிகட் மாநிலத்தின் டிரம்புல் ஊரில் இருந்த கம்ப்யூட்டர் மையத்தின் மின்சாரத்தை ஓர் அணில் நிறுத்தியதுதான் காரணம். 1994 ஆகஸ்டில் அதே ஊர், இன்னோர் அணில், 34 நிமிடம். அன்று அவசர மின்சாரத்துக்குத் தானாக மாற வேண்டிய ஏற்பாடும் மாறவில்லை. அதற்கும் அணில்தான் பொறுப்பா என்று கேட்க வக்கீல் யாரும் வரவில்லை.

கே: ஃபைபர் கேபிளில் அப்படி என்ன ருசி? (வாசகி, கோவை)

ப: ருசியெல்லாம் கிடையாது. அணில், எலி வகையறாவுக்கு முன்பற்கள் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். எதையாவது கொறித்துத் தேய்த்தால்தான் வாய் ஒழுங்காக மூடும். மரப்பட்டையா, மாங்கொட்டையா, உங்கள் சீரியலின் கடைசி எபிசோடு ஓடிக்கொண்டிருக்கும் கேபிளா என்று பல்லுக்குத் தெரியாது. அமெரிக்காவில் லெவல் 3 என்ற கம்பெனி 2011-ல் ஒரு கணக்குச் சொன்னது: அந்த ஆண்டு அதுவரை அவர்களுடைய கேபிள் சேதத்தில் 17 சதவீதம் அணில் செய்தது. அதற்கு முந்தைய ஆண்டு 28. கேபிளுக்குக் காப்பு மாட்டிய பிறகுதான் இறங்கியதாம். அணிலைத் திட்டுவதை நிறுத்திவிட்டுக் காப்பு வாங்கியவர்கள் என்ற வகையில் எனக்கு அந்தக் கம்பெனி மேல் மரியாதை உண்டு.

கொறிக்கிற குலத்திலேயே பெரிய கை, கனடாவின் பீவர். 2021 ஏப்ரலில் டம்ளர் ரிட்ஜ் என்ற சிற்றூரில் சுமார் 900 வாடிக்கையாளர்களுக்கு நெட் போய்விட்டது. கேபிள் இருந்தது மூன்றடி ஆழத்தில், நாலரை அங்குலக் குழாய்க்குள். பீவர்கள் தோண்டிப் போய், குழாயைக் கடித்து, கேபிளையும் பல இடங்களில் கடித்திருந்தன. இங்கே கேபிள் இருக்கிறது என்று அடையாளம் காட்டப் புதைத்து வைக்கும் டேப்பையும் விடவில்லை. உருவிக்கொண்டு போய்த் தங்கள் வீட்டுக்கு வைத்துக் கட்டியிருந்தன.

கே: 2025 பிப்ரவரி 9 அன்று ஒரு குரங்கால் இலங்கை முழுக்க இருண்டது. குரங்குக்கு அவ்வளவு சக்தியா? (வாசகர், யாழ்ப்பாணம்)

ப: பாணந்துறை துணை மின்நிலையத்தில் குரங்கு டிரான்ஸ்ஃபார்மரைத் தொட்டுவிட்டது என்று உங்கள் அமைச்சரே சொன்னார். கென்யாவிலும் இதே கதை: 2016 ஜூனில் கிதாரு நீர்மின் நிலையத்துக் கூரையிலிருந்து ஒரு குரங்கு டிரான்ஸ்ஃபார்மர் மேல் விழுந்து, நாடே மணிக்கணக்கில் இருட்டில் கிடந்தது. குரங்கு பிழைத்துக்கொண்டது. ஒரு குரங்கு தொட்டால் ஒரு நாடு அணைகிறது என்றால், சக்தி குரங்கிடம் இருக்கிறது என்றா சொல்வீர்கள்?

வாரணாசி குரங்குகள் நேராக நெட்டிலேயே கைவைத்தவை. கங்கைக் கரையில் வைஃபைக்காக இழுத்த ஃபைபரை இரண்டு மாதத்துக்குள் கடித்துத் தீர்த்தன என்று 2015-ல் செய்தி வந்தது. கோயில் குரங்கு, விரட்டினால் பக்தர்கள் சண்டைக்கு வருவார்கள்.

கே: கடலுக்கடியில் சுறா கேபிளைக் கடிக்கும் வீடியோ பார்த்தேன். பயமாக இருக்கிறது. (வாசகர், தூத்துக்குடி)

ப: பயப்படாதீர்கள். 1980-களில் கேனரி தீவுகள் அருகே கேபிளில் சுறாப் பல் சிக்கியது உண்மை. ஆனால் 2007 முதல் 2014 வரை பதிவான பழுதுகளில் மீன் கடித்ததாக ஒன்றுகூட இல்லை என்கிறது சர்வதேச கேபிள் பாதுகாப்புக் குழு. பெரும்பாலான பழுதுக்குக் காரணம் மீன்பிடி வலையும் கப்பல் நங்கூரமும்தான். நங்கூரத்துக்கு வாயும் பல்லும் இல்லாததால் வீடியோ எடுபடுவதில்லை.

கே: பல்லி? (வாசகி, காஞ்சிபுரம்)

ப: 2017-ல் ஹவாய்த் தீவில் கடல்நாய்களுக்கான ஆஸ்பத்திரியிலிருந்து பலருக்கும் மாறி மாறி போன் வந்தது. எடுத்தால் பேச்சில்லை. ஏதோ அவசரம் என்று இயக்குநரே ஓடிப்போய்ப் பார்த்தால், டச் ஸ்கிரீன் போன் மேல் ஒரு பல்லி நின்றுகொண்டு, கடைசியாகப் பேசிய எண்களையெல்லாம் காலால் அழைத்துக்கொண்டிருந்தது. பல்லி விழுந்தால் என்ன பலன், கத்தினால் என்ன பலன் என்று பஞ்சாங்கத்தில் இருக்கிறது. போன் செய்தால் என்ன பலன் என்று இன்னும் யாரும் அச்சடிக்கவில்லை.

கே: மாடியில் டிஷ் முழுக்கப் புறா எச்சம். சிக்னல் கெடுமா? (வாசகர், சென்னை)

ப: துடைத்துவிடுங்கள். ஆனால் புறா மேல் பழி போடும் முன் ஒரு வழக்கைக் கேளுங்கள்.

1964, நியூ ஜெர்சி மாநிலம் ஹோம்டெல். செயற்கைக்கோள் தொடர்புக்காக பெல் ஆய்வகம் கட்டிய கொம்பு வடிவ ஆன்டெனா. வாய் மட்டும் 20 அடி. ஆர்னோ பென்சியாஸ், ராபர்ட் வில்சன் என்ற இருவர் அதை வைத்து வானத்தை ஆராய உட்கார்ந்தால் ஓயாத இரைச்சல். எந்தப் பக்கம் திருப்பினாலும், பகலானாலும் இரவானாலும் ஒரே அளவு. உள்ளே எட்டிப் பார்த்தார்கள். ஒரு ஜோடிப் புறா குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. சுவரெல்லாம் எச்சம். அதை நாகரிகமாக ‘வெள்ளை மின்கடத்தாப் பொருள்’ என்று குறிப்பிட்டார்கள். கூண்டு வைத்துப் பிடித்து, கம்பெனித் தபாலிலேயே வெளியூர் அனுப்பினார்கள். புறாவை வெளியூர் அனுப்பினால் என்ன ஆகும் என்று அத்தனை டாக்டர் பட்டம் வாங்கியவர்களுக்கும் தோன்றவில்லை. திரும்பி வந்துவிட்டன. சிபிச் சக்கரவர்த்தி அந்தக் கம்பெனியில் வேலை பார்க்கவில்லை, சுட்டுவிட்டார்கள். ஆன்டெனாவைத் தேய்த்துக் கழுவினார்கள். இரைச்சல் அப்படியே இருந்தது.

அது பிரபஞ்சம் பிறந்தபோது எழுந்த வெப்பத்தின் மிச்சம் என்று பிறகு புரிந்தது. 1978-ல் இருவருக்கும் நோபல் பரிசு. புறா பிடித்த கூண்டு ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குப் போனது.

கே: மோடத்துக்குள் எறும்பு குடியேறிவிட்டது. மருந்து அடிக்கலாமா? (வாசகி, சேலம்)

ப: மின்சாரம் ஓடும் பெட்டிக்குள் மருந்தா! முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். கதகதப்பு உண்டு, இருட்டு உண்டு, வாடகை கிடையாது. எறும்பு வராமல் என்ன செய்யும்? டெக்சஸில் கிறுக்கு எறும்பு என்றே பெயர் வாங்கிய ஓர் இனம் உண்டு. ஒன்றுக்கு ஷாக் அடித்தால் ஆபத்து என்று வாசனை விடும். உதவிக்கு ஓடிவரும் கூட்டத்துக்கும் ஷாக் அடிக்கும். கடைசியில் பிணக்குவியலே ஷார்ட் சர்க்யூட் ஆகும். உங்கள் எறும்பு அவ்வளவு பாசக்காரி இல்லை என்று நம்புவோம். மோடத்தைச் சுவரிலிருந்து தள்ளி வையுங்கள். அதன் மேல் தினமும் காபி டம்ளரை வைப்பது யார் என்றும் விசாரியுங்கள்.